கடை மூடிய பிறகு வரும் கேள்விகளுக்கு

புதிதாகத் தொழில் தொடங்கியிருப்பவர்கள் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் முதலில் வேலை நேரத்தைக் குறித்துவிட்டு, பிறகு ‘அவே மெசேஜ்’ பகுதியில், அந்த நேரத்துக்கு வெளியே மட்டும் “நாளை காலை 10 மணிக்குள் பதில் அளிப்போம்” என்ற செய்தி தானாகச் செல்லும்படி அமைத்துவிடுங்கள். இரவு 11 மணிக்கு விலை கேட்பவர்களில் பலர் அப்போதே பதிலை எதிர்பார்ப்பதில்லை. பதில் எப்போது வரும் என்பது தெரிந்தாலே காத்திருப்பார்கள், நீங்களும் குடும்பத்தோடு நிம்மதியாக அமர்ந்து உண்ணலாம். ஆனால் சொன்ன நேரத்துக்குள் பதில் போயே தீர வேண்டும். கைப்பேசியில் இணைய இணைப்பு இல்லாவிட்டால் இச்செய்தி செல்லாது என்பதால், இரவில் டேட்டாவை அணைக்காமல் அறிவிப்பு ஒலியை மட்டும் நிறுத்துங்கள். மருந்து, உணவு விநியோகம் போன்ற, உடனடிப் பதில் தேவைப்படும் தொழில்களுக்கு இது பொருந்தாது; அவற்றுக்கு இரவுப் பொறுப்பில் ஓர் ஆள் வேண்டும்.