மூன்று வார விடுப்பில் முழங்கால் மூட்டை மாற்ற முடியாது

லண்டனில் வாழும் என் அக்காவுக்குச் சென்னையில் முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. நான்தான் உடனிருந்தேன். அதன் பிறகு ஊருக்கு வரும் உறவினர்கள் பலர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பது. இரண்டாவது, "மூன்று வாரத்தில் முடித்துவிடலாமா?" முடியாது. உடல் எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு நிச்சயமாக முடியாது. இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

வெட்டித் தைப்பது இரண்டு மணி நேர வேலை. மறுநாளே வாக்கர் பிடித்து நடக்கவைப்பார்கள். நான்கைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் அடுத்து வரும் வாரங்களில்தான் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து மிகுதி. அந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை. பருமனும் பத்து மணி நேர விமானப் பயணமும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. மூட்டு மாற்றியவர்கள் நீண்ட விமானப் பயணத்தை மூன்று மாதம் வரை தள்ளிப்போட வேண்டும் என்பது பிரிட்டன் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. உங்கள் மருத்துவர் ஆறு வாரத்தில் அனுமதிக்கலாம். ஆனால் திட்டம் போடும்போது மூன்று மாதம் என்றே போடுங்கள்.

இங்கேதான் விசா குறுக்கே வருகிறது. இந்தியா இணையவழி தரும் மின் மருத்துவ விசா 60 நாட்களுக்கானது. துணைக்கு வரும் இருவருக்கும் தனி விசா உண்டு. மூன்று மாதம் தங்குவதாக இருந்தால் தூதரகம் வழியாகத் தரப்படும் மருத்துவ விசாவைக் கேளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தால் இந்தக் கவலை இல்லை. பயணக் காப்பீடு பொதுவாகத் திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கு உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள். காலத்தைப் பொறுத்தவரை, தை பிறந்ததும் வருவது நல்லது. ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் புண் ஆறும் காலத்துக்கு ஒத்துவராது.

இனி எடை. அக்காவின் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். முதலில் அவர் எடை 104 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. அளவு 42. நாற்பதைத் தாண்டினால் பல அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் தயங்குகிறார்கள். புண் ஆறுவது தாமதமாவது, கிருமித்தொற்று, மயக்க மருந்தால் வரும் சிக்கல் எல்லாமே அந்த எடையில் கூடுகின்றன. அதற்காக, "முதலில் இளைத்துவிட்டு வா" என்று கதவைச் சாத்துவதும் நியாயமில்லை. வலியால் நடக்கவே முடியாதவர் எப்படி இளைப்பார்? உடல் பருமனைக் காரணம் காட்டி நிபுணரிடம் அனுப்ப மறுக்கக் கூடாது என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பே சொல்லியிருக்கிறது. 2023இல் வந்த அமெரிக்க வழிகாட்டலும், குறிப்பிட்ட எடைக்கு இறங்கினால்தான் அறுவை என்று தள்ளிப்போட வேண்டாம் என்கிறது. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், அதைச் சரிசெய்யும்வரை பொறுக்கச் சொல்கிறது அதே வழிகாட்டல். என்னைக் கேட்டால், எடையைவிடச் சர்க்கரைக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும்.

அக்கா எட்டு மாதத்தில் பத்து கிலோ குறைத்தார். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மேல் ஏறக்குறைய நான்கு கிலோ சுமை குறைகிறது என்று ஆய்வு சொல்கிறது. அந்தக் கணக்கில் அவருக்கு அடிக்கு நாற்பது கிலோ! அறுவைக்கு முன்பே அவர் படியேறுவது மாறியதைக் கண்ணால் பார்த்தேன். அதற்காகப் பட்டினி கிடந்துவிடாதீர்கள். உடலில் புரதம் குறைந்தால் புண் ஆறாது. முட்டை, மீன், சுண்டல், பருப்பு எல்லாம் வேண்டும். குறைய வேண்டியது சோறும் இனிப்பும். ஊரில் இது எளிதல்ல. "இளைத்துப்போய்விட்டாயே" என்று சொல்லிக்கொண்டே அதிரசத் தட்டை நீட்டும் அத்தைகளிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவையுங்கள். அவர்களே உங்களுக்குக் காவலாகிவிடுவார்கள்.

எடை குறைக்க ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். மயக்கத்தின்போது உணவு மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்து உண்டு. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருமானால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்கக் காற்றைச் செலுத்தும் சீபாப் கருவி வைத்திருப்பவர்கள் கையோடு கொண்டுவாருங்கள்.

மருத்துவமனைக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே உண்மையான எடையைச் சொல்லுங்கள். வெட்கத்தில் பத்து கிலோ குறைத்துச் சொல்பவர்களை அறிவேன். அறுவை மேசை, கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் உங்கள் எடையைத் தாங்குமா என்று அவர்கள் பார்க்க வேண்டும். எடை மிகுந்தவர்களுக்கு முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில், செயற்கை மூட்டைத் தாங்க நீளமான தண்டு வைக்க வேண்டியிருக்கலாம். அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். மூட்டுக்கான விலைக்கு 2017 ஆகஸ்டில் இந்திய அரசு உச்சவரம்பு விதித்தது. கோபால்ட் குரோமியம் உலோக மூட்டுக்கு அன்று 54,720 ரூபாய், வரி தனி. அதற்கு முன் சராசரியாக ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் அந்த வரம்பு மூட்டுக்கு மட்டும்தான். அறை வாடகை, மருத்துவர் கட்டணம், பிசியோதெரபி எல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

நாங்கள் முதலில் பார்த்த ஒரு மருத்துவமனையில், "இரண்டு காலையும் ஒரே நாளில் செய்துவிடலாம், பதினைந்தே நாளில் விமானம் ஏறலாம்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம். இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை கூடும். கனத்த உடம்புக்கு ஒவ்வொன்றாகச் செய்வதே நல்லது என்று இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அவரிடமே செய்தோம்.

வந்திறங்கியதும் அறுவைக்குப் படுக்காதீர்கள். ஒரு வாரமாவது போகட்டும். அந்த வாரத்தில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம். காலில் சிறு கீறல், சொறிந்த கொசுக்கடி இருந்தால்கூட அறுவையைத் தள்ளிவைப்பார்கள். தொடையிடுக்கிலும் மார்புக்குக் கீழும் வேர்வையால் வரும் படைக்கு முதலிலேயே மருந்து போடுங்கள். சொத்தைப் பல் இருந்தால் கிளம்புமுன்பே பார்த்துவிடுங்கள்.

தங்கும் வீட்டை யாராவது முன்கூட்டிப் போய்ப் பார்க்க வேண்டும். உட்காரும் கழிப்பறை, அதன் பக்கத்தில் சுவரில் உறுதியான கைப்பிடி, உயரமான கட்டில், கைவைத்த மரநாற்காலி இவை இல்லாமல் முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியை நம்பாதீர்கள். வழுக்கும் தரையில் கால் விரிந்துவிடும். வாக்கர் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் எல்லாம் செய்துவிட்டு நிலைப்படியை மறந்துவிட்டோம். அரையடி உயரம்தான். முதல் நாள் அக்கா அதன் முன்னால் நின்று அழுதுவிட்டார். தச்சரைக் கூப்பிட்டுச் சாய்பலகை போட்டோம். தரையில் சம்மணமிடுவதும் பந்தியில் கீழே உட்காருவதும் வேண்டாம். பழனிக்கு வேண்டுதல் இருந்தால் ரோப்கார் இருக்கிறது, விஞ்ச் இருக்கிறது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

திரும்பும்போது சக்கர நாற்காலி உதவியையும் நடைபாதை ஓர இருக்கையையும் இரண்டு நாளாவது முன்பே கேட்டுவையுங்கள். விமான நிலையச் சோதனையில் மூட்டைக் கண்டு கருவி ஒலி எழுப்பலாம். மருத்துவரின் கடிதம் கையில் இருக்கட்டும். நீங்கள் வாழும் நாட்டில் தொடர்ந்து பார்க்கப்போகும் மருத்துவரிடம் கிளம்புமுன்பே பேசியிருக்க வேண்டும். மிக முக்கியமானது, உள்ளே வைத்த மூட்டின் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள். அவற்றின் ஒரு படியைக் கேட்டு வாங்காமல் மருத்துவமனையை விட்டு வராதீர்கள். பதினைந்து, இருபது ஆண்டு கழித்து அந்த மூட்டில் கைவைக்கப்போகும் மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். அக்காவின் ஸ்டிக்கர் தாள் அவருடைய ஓ.சி.ஐ. அட்டையோடு ஒரே உறையில் இருக்கிறது.