கழுத்து ரத்தக்குழாய் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால்

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் குழாயில் படிந்த கொழுப்பை, கழுத்தின் பக்கவாட்டில் கீறி எடுக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து என் அப்பா கண் விழித்ததிலிருந்து நர்ஸ் அடிக்கடி வந்து, "சிரிங்க, நாக்கை நீட்டுங்க, கையை இறுக்கிப் பிடிங்க ஐயா" என்பார். பயப்படாதீர்கள். மூளையும் நரம்பும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது அது.

அப்புறம், காதுமடலும் தாடையோரமும் மரத்திருக்கும். பலருக்குச் சில மாதங்களில் குறையும். அங்கே பிளேடு கீறினாலும் தெரியாது என்பதால் அப்பாவுக்கு எலக்ட்ரிக் ஷேவர் வாங்கிக் கொடுத்தேன். குரல் கம்மலாம், சாப்பிடும்போது புரையேறினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிரஷரை தினமும் பார்த்து எழுதிவையுங்கள். ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. கழுத்து திடீரென்று வீங்கினாலோ, தாங்கமுடியாத தலைவலி வந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை தளர்ந்தாலோ காத்திருக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.