முன் பிரேக் பேடை நீங்களே மாற்ற: என் நோட்டுக் கணக்கோடு

நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். எந்த பில் கைக்கு வந்தாலும் வரி வரியாகப் படிப்பேன். மூன்று வருடத்துக்கு முன், என் 2011 வேகன் ஆருக்கு முன் பிரேக் பேட் மாற்ற 4,350 ரூபாய் ஆகும் என்று ஒரு சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். பேட் 1,480, கூலி 950, டிஸ்க் கிளீனிங் 600, பிரேக் ஆயில் 420, கூடவே நான் கேட்காத ஏசி கிருமி நீக்கம் 900. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து மாற்றினேன். நான்கரை மணி நேரம் ஆனது.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். தூக்கிய வண்டியைத் தாங்கும் ஜாக்கி ஸ்டாண்ட் ஒரு ஜோடி 1,900, சாக்கெட் செட் 2,600, டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கும் ஸ்பேனர்) 2,100, சி கிளாம்ப் (திருகி இறுக்கும் கவ்வி) 280. ஆக 6,880 ரூபாய் கருவிக்கே போனது. பேடும் கிரீஸும் 1,270. எஸ்டிமேட்டில் எனக்குத் தேவையே இல்லாத ஏசி வேலையைக் கழித்துப் பார்த்தால் அந்த முதல் வேலையில் மிச்சம் 2,180தான். அதாவது 4,700 ரூபாய் நஷ்டத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு ஆயில், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் என்று ஒவ்வொன்றாகச் செய்து, பதினெட்டாவது மாதத்தில்தான் நோட்டில் வலது பக்கத்து மிச்சம் இடது பக்கத்துச் செலவை முந்தியது. ஒரே ஒரு வேலையில் மட்டும் மிச்சம் பிடிக்க நினைத்தால் மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள்.

வாரன்டி ஓடும் வண்டியில் கை வைக்காதீர்கள். கிளட்ச், ஸ்டீயரிங், ஏர்பேக் பக்கம் நானும் போவதில்லை. இதுவரை ஸ்டெப்னிகூட மாற்றிப் பார்க்காதவர் பிரேக்கில் தொடங்க வேண்டாம். ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள்.

மெதுவாக பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால், பேட் தேய்ந்ததைச் சொல்லும் சின்னத் தகடு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கில் உரசுகிறது என்று பெரும்பாலும் அர்த்தம். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, மேலே ஒட்டியிருக்கும் லைனிங்கை மட்டும் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். வெளிப்பக்கப் பேடை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. உள்பக்கத்துப் பேட் பல நேரம் முன்னாடியே தேய்ந்திருக்கும்.

பேட் வாங்க நான் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போவேன். சென்னையில் கார் உதிரி பாகத்துக்கு அதுதான் தெரு. முதல் முறை கடைக்காரர், "மெக்கானிக் எங்க மேடம்? போன் போட்டுக் குடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார். நான்தான் மெக்கானிக் என்றதும் பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்துச் சிரித்தார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, நானும் அன்று "வேகன் ஆர் பேட்" என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். எந்த வருடம், எந்த மாதம் தயாரான வண்டி என்பதெல்லாம் முக்கியம். ஆர்சியை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பேட் நான்கு சேர்ந்த செட்டாகத்தான் வரும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றினால் வண்டி பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28. பழைய விலை அச்சடித்த பெட்டியை நீட்டினால் பேசிப் பாருங்கள். பழைய உதிரி பாகம் விற்கும் புதுப்பேட்டையில் கண்ணாடி, கதவுக் கைப்பிடி வாங்கலாம், தப்பில்லை. பிரேக் சாமான் மட்டும் அங்கே வேண்டாம்.

இனி வேலை. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், டிஸ்க் ஆறியிருக்க வேண்டும். முதல் கியரில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் அண்டக் கொடுங்கள். இந்த வண்டியில் கை பிரேக் பின் சக்கரத்தைப் பிடிப்பது, அதனால் முன்பக்கத்தைத் தூக்கினாலும் வேலை செய்யும். செங்கலுக்கு அந்த ஒரு வேலைதான். வண்டிக்கு அடியில் முட்டுக்கொடுக்க வைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் பிளந்துவிடும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். மாருதியில் 19 சைஸ். சொல்வதற்கு ஒரு வரி, செய்வதற்கு எனக்கு முக்கால் மணி நேரம். டயர் கடையில் நட்டு முறுக்கும் கன் வைத்து முறுக்கியிருந்தார்கள். ஸ்பேனர் கைப்பிடியை இடது பக்கம் நீட்டியிருக்கும்படி மாட்டிக் கீழ்நோக்கி மிதித்தால் கழலும். நான் ஏறியே நின்றேன். 54 கிலோவுக்கு அது அசையவில்லை. கடைசியில் எங்கள் வாட்ச்மேன் அண்ணன், மோட்டார் ரூமில் கிடந்த இரண்டடி ஜிஐ பைப்பைக் கொண்டுவந்து கைப்பிடியில் சொருகி, ஒரு கையால் அழுத்தினார். 'டக்' என்றது. அந்தப் பைப் இப்போது என் டிக்கியில் நிரந்தரம்.

கதவுக்குக் கீழே விளிம்பில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவில்தான் ஜாக்கி வைக்க வேண்டும். தூக்கியதும் ஸ்டாண்டை வைத்து, வண்டியை அதன் மேல் இறக்கி, ஒரு முறை கையால் ஆட்டிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் நல்லது. எது எப்படி இருந்தது என்று குழம்பினால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இருந்தாலும் பிரிப்பதற்கு முன் போனில் நாலு படம் எடுத்துவிடுங்கள்.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால், பேடுகளை டிஸ்கில் அழுத்தும் காலிபரின் பின்புறம் வெளியே தெரியும். அங்கே இருக்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். இங்கேதான் என் நோட்டின் இடது பக்கத்தில் ஒரு வரி கூடியது. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரை அவசரமாக மாட்டி இழுத்தேன், போல்ட்டின் மூலை மழுங்கிவிட்டது. தெருமுனை லேத் பட்டறைத் தம்பி வந்து, ஒரு சுற்று சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றிக் கழற்றிக் கொடுத்தான். 200 ரூபாய், ஒரு டீ, புதுப் போல்ட் தனி. "அக்கா, ஆறு மூலை சாக்கெட் போடுங்க, அதுதான் பிடிக்கும்" என்றான். இப்போது முந்தின நாள் இரவே துருவை இளக்கும் ஸ்ப்ரேயைத் துணியில் நனைத்துப் போல்ட்டில் மட்டும் வைக்கிறேன். டிஸ்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிரேக் பிடிக்காது.

கழன்ற காலிபரைத் தொங்கவிடாதீர்கள், அதன் கனத்தை பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸ் தாங்காது. கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பேட் தேய்ந்து படிந்திருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத் துணியால் துடையுங்கள். டிஸ்கில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் டிஸ்கையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

புதுப் பேட் தடிமனானது, அதனால் காலிபருக்குள் இருந்து பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். பழைய பேட் ஒன்றைப் பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்பால் மெதுவாக இறுக்குங்கள். அதற்கு முன் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். நிரம்பியிருந்தால் மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் வாங்கிக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. பிஸ்டன் உள்ளே போகப் போக ஆயில் பின்னால் ஏறி, டப்பா வழிந்து, கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்ட் பொங்கி உரிந்துவிட்டது. சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தாலோ கசிந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள்.

காலிபர் வழுக்கி நகரும் கம்பிப் பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி அந்தப் பின்கள் இறுகிக்கொள்ளும். புதுப் பேடுகளை வைத்து, பிரித்த வரிசைக்கு எதிர் வரிசையில் எல்லாவற்றையும் மாட்டுங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு கடைசி முறுக்கு கொடுங்கள். என் வண்டிக்கு டார்க் ரெஞ்சில் 85 நியூட்டன் மீட்டர். உங்களுடையதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்வதைத் தவறவிடாதீர்கள். வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கைப் பலமுறை மிதித்து, பெடல் கெட்டியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும். வேலை முடிந்த சந்தோஷத்தில் நான் அப்படியே கிளப்பினேன். பெடல் ஒன்றுமே இல்லாததுபோல் இறங்கியது. கை பிரேக்கை இழுத்து, பார்க்கிங் தூணுக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன். எங்கள் குடியிருப்புச் செயலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே "பார்க்கிங்கில் வாகனப் பழுது வேலை செய்யக் கூடாது" என்று நோட்டீஸ் ஒட்டினார். அவரிடம் பேசி, மாதம் ஒரு ஞாயிறு, கீழே அட்டை விரித்துக்கொண்டு என்று அனுமதி வாங்க இரண்டு கூட்டம் ஆனது.

பெடல் கெட்டியானதும் பிரேக் ஆயில் அளவு டப்பாவின் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பேட் டிஸ்கோடு படிய, மறுநாள் காலை ஆளில்லாத ரோட்டில் 50 வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறையுங்கள், இப்படிப் பத்து முறை. முழுதாக நிறுத்த வேண்டாம். அப்புறம் ஆற விடுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒரு முறை சரிபாருங்கள்.

பழைய பேடுகளில் மூன்றைப் பழைய இரும்புக் கடைக்குப் போடலாம். ஒன்றைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உதிரி பாகக் கடையில் அதைக் கவுன்டர் மேல் வைத்தேன். மெக்கானிக் எங்கே என்று கடைக்காரர் கேட்கவில்லை, செட்டை எடுத்துப் போட்டு "வேற என்ன மேடம்?" என்றார்.