சுக்கினி நாடாவில் பொலோன்யா ரகூ: தட்டில் குளம் கட்டாமல் செய்வது எப்படி

தானியமும் சர்க்கரையும் இல்லாத பேலியோ உணவுமுறையை ஆரம்பித்த மூன்றாவது மாதம் எல்லாருக்கும் இட்லி ஏக்கம் வரும் என்றார்கள். எனக்கு வந்தது பாஸ்தா ஏக்கம். வீட்டில் மற்றவர்கள் கறிக்குழம்பு மாதிரி சாஸ் ஊற்றி பாஸ்தாவை உறிஞ்சிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து பாதாம் எண்ணிக்கொண்டிருந்தேன். சரி, பாஸ்தாவுக்குப் பதில் சுக்கினியை (பார்க்க வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் காய்) நாடாவாகச் சீவி நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். நாலு முறை சொதப்பி, ஐந்தாவது முறைதான் ஒழுங்காக வந்தது. நாலு முறையும் சொதப்பியது ஒரே இடத்தில்தான்: சுக்கினியின் தண்ணீர். அவசரக்காரர்கள் நேராக அந்தப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ரகூ என்பது இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் பாஸ்தாவுக்குச் செய்யும் கைமா சாஸ். அதைப் பற்றி ஒரு நல்ல செய்தி. அது ஏற்கெனவே முக்கால்வாசி பேலியோ. 1982 அக்டோபரில் இத்தாலிய சமையல் அகாதெமியின் பொலோன்யா கிளை, அந்த ஊர் வர்த்தக சபையில் ரகூவின் செய்முறையைப் பதிவே செய்து வைத்தது. 2023இல் அதைப் புதுப்பித்தார்கள். மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, வெங்காயம், கேரட், செலரி, தக்காளி, கொஞ்சம் வைன், கொஞ்சம் பால். மாவு இல்லை, சர்க்கரை இல்லை, பூண்டுகூட இல்லை (முதலில் நானும் நம்பவில்லை). ஆக, மாற்ற வேண்டியது மேலே இருக்கும் கறியை அல்ல, அடியில் கிடக்கும் பாஸ்தாவை மட்டும்தான். வேகவைத்த பாஸ்தா 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் மாவுச்சத்து. சுக்கினியில் 3 கிராம்.

மூன்று பேருக்கு: கைமா அரை கிலோ, நடுத்தர வெங்காயம் 1, கேரட் பாதி, செலரித் தண்டு 1, அரைத்த தக்காளி 300 கிராம், வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, பால் கால் டம்ளர், உப்பு, மிளகு, நடுத்தர சுக்கினி 4, மேலே துருவ பார்மெசான் சீஸ். மாட்டுக் கைமா கிடைத்தால் அதுதான் சரியான ருசி. கிடைக்காதவர்கள் ஆட்டுக் கைமா வாங்குங்கள். கடைக்காரர் நல்லெண்ணத்தில் கொழுப்பை நீக்கப் பார்ப்பார், விடாதீர்கள்.

கைமாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவாதீர்கள். கறியைத் துண்டாக இருக்கும்போதே கழுவி, ஈரம் துடைத்து, அப்புறம் கொத்தச் சொல்லுங்கள். கொத்திய கறியைக் கழுவினால் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், சட்டியில் வதங்காது, வேகும். சாம்பல் நிறத்தில் ஒரு கூழ் வரும்.

அடிகனமான சட்டியில் வெண்ணெய் விட்டு, வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கிப் போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் சிவக்கக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆனால் போதும். அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, தீயைக் கூட்டி, கைமாவை இரண்டு தடவையாகப் பிரித்து வறுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி நீர் விட்டுக்கொள்ளும். 'சொர்ர்' சத்தம் நின்று 'சட சட' என்று பொரியும் சத்தம் வரும்வரை கிளறிக்கொண்டே இருக்காமல் கொஞ்சம் விட்டுவையுங்கள். காய்கறியைத் திரும்பச் சேர்த்து, தக்காளி, உப்பு, மிளகு, ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, முக்கால் மூடி போட்டு, மிகச் சிறு தீயில் இரண்டு மணி நேரம். வற்றினால் வெந்நீர் சேர்க்கலாம். கடைசி அரை மணியில் பால்.

வைன் ஊற்றுகிறவர்கள் கைமா வறுபட்டதும் ஊற்றி வற்ற விடுங்கள். நான் ஊற்றுவதில்லை. பெங்களூர்த் தக்காளியாக இருந்தால் அரை ஸ்பூன் வினிகர் விடுவேன், நாட்டுத் தக்காளி என்றால் அதன் புளிப்பே போதும், ஆனால் அது நீர் அதிகம் விடும் என்பதால் இன்னும் இருபது நிமிடம் கூடுதலாகக் கொதிக்க வேண்டும். டப்பா தக்காளி வாங்கினால் பின்பக்கம் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். இரும்புச் சட்டி வேண்டாம். இரண்டு மணி நேரம் தக்காளி கொதித்தால் இரும்பு வாடை ஏறிவிடும், எங்கள் வீட்டில் ஒரு முறை முழுச் சட்டியும் வீணானது.

இனி சுக்கினி.

முதல் தடவை பாஸ்தா மாதிரியே கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டேன். கஞ்சி. இரண்டாவது தடவை வேகவைக்காமல் நேராக ரகூவில் கலந்தேன்; மேசைக்கு வரும்போது அழகாக இருந்தது, நாலு வாய் சாப்பிடுவதற்குள் தட்டில் சிவப்புக் குளம். மூன்றாவது தடவை உப்புப் போட்டு ஊறவைத்தேன், பிழிய மறந்தேன். நாலாவது தடவை பிழிந்தேன், ஆனால் ரகூவிலும் உப்பு, சுக்கினியிலும் உப்பு, வாயில் வைக்க முடியவில்லை. சுக்கினியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். உப்பு பட்டாலும் சூடு பட்டாலும் அது வெளியே வந்தே தீரும், எனவே தட்டுக்கு வரும் முன்பே அதை நாம் வெளியேற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இப்போது செய்வது இப்படி. சுக்கினியின் தோலைச் சீவ வேண்டாம். உருளைக்கிழங்கு தோல் சீவும் பீலரால் நீளவாக்கில் நாடா நாடாவாக இழுங்கள். நடுவில் விதைப் பகுதி வந்ததும் நிறுத்திவிடுங்கள், தண்ணீர் அதிகம் இருப்பது அங்கேதான் (அந்த நடுத்தண்டைப் பொரியலில் போடலாம்). நாடாக்களை வடிதட்டில் போட்டு ஒரு டீஸ்பூன் உப்பு தூவி அரை மணி நேரம். அப்புறம் குழாயடியில் ஒரே ஒரு முறை அலசி, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி முறுக்கிப் பிழியுங்கள். தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள், அரை டம்ளருக்கு மேல் வரும். பிறகு தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் இல்லாமல், நாடாக்களைப் பரப்பி ஒன்றரை நிமிடம். ஆவி அடங்கியதும் எடுத்துவிடுங்கள். ரகூவில் உப்பைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.

சுருள் சுருளாக வெட்டும் அந்த ஸ்பைரலைசரை வாங்கச் சொல்லி எல்லாரும் ஏவுகிறார்கள். நானும் வாங்கினேன், பரணில் இருக்கிறது. கழுவுவதற்குள் பசி போய்விடும். தவிர, அதில் வருவது உருண்டையான நூல், ரகூ அதில் ஒட்டாமல் வழுக்கி அடியில் தங்கும். பொலோன்யாக்காரர்கள் ரகூவை ஸ்பகெட்டியில் ஊற்றுவதே இல்லை, தாலியாத்தெல்லே என்ற தட்டையான நாடாதான் அவர்களுக்கு. வெந்த பிறகு அது 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972இல் அதையும் வர்த்தக சபையில் பதிவு செய்திருக்கிறார்கள். பதிவு செய்வதில் அந்த ஊருக்கு அப்படி ஒரு ஆசை! ஆக, நூறு ரூபாய் பீலர்தான் அசலுக்குப் பக்கத்தில் வருகிறது. பீலர் நாடா ரொம்ப அகலமாக வந்தால் கத்தியால் இரண்டாகக் கீறிக்கொள்ளுங்கள்.

பரிமாறும்போது ரகூவைத் தட்டிலேயே நாடாவின் மேல் வைத்து, வைத்த கையோடு சாப்பிட்டுவிடுங்கள். பார்மெசானைக் கட்டியாக வாங்கித் துருவுவது நல்லது, பாக்கெட்டில் துருவி வருபவற்றில் பலவற்றில் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச் கலந்திருப்பார்கள்.

பிற்சேர்க்கை 1: பால் பொருளே தொடாத கறாரான பேலியோக்காரர்கள் இரண்டு பேர், பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் விடலாமா என்று கேட்டார்கள். விட்டுப் பார்த்தேன். கைமா குருமா வந்தது. நல்ல குருமாதான், ஆனால் ரகூ இல்லை. பாலைத் தவிர்த்துவிட்டு எலும்பு சூப் ஊற்றுங்கள், வெண்ணெய்க்கு ஆலிவ் எண்ணெய், சீஸுக்குப் பதில் ஒன்றும் வேண்டாம்.

பிற்சேர்க்கை 2: குக்கரில் வைக்கலாமா? ஆட்டுக் கைமாவுக்கு வைக்கலாம். தண்ணீரை அரை டம்ளராகக் குறைத்து நாலு விசில், அப்புறம் திறந்து வைத்து எண்ணெய் பிரியும்வரை வற்றவிட வேண்டும். அந்த வற்றவிடும் நேரத்தைச் சேர்த்தால் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை.

பிற்சேர்க்கை 3: சுக்கினி கிடைக்காத ஊர்க்காரர் ஒருவர் முட்டைக்கோஸில் செய்ததாக எழுதினார். நானும் செய்தேன். இலைகளை விரல் அகல நாடாவாக நறுக்கி வெண்ணெயில் எட்டு நிமிடம் வதக்கினால் போதும், உப்பும் பிழிசலும் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு இதுதான் இன்னும் பிடித்திருக்கிறது. வெள்ளரிக்காயில் மட்டும் முயலாதீர்கள்.

ரகூ மீந்தால் ஃப்ரீசரில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். சுக்கினி நாடாவை மட்டும் மீத்து வைக்காதீர்கள். மறுநாள் டப்பாவைத் திறந்தால் திரும்பவும் குளம்.