மேக்னம் உறை மெலியும் இடம்: பித்தளையைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்வது

.300 வின்செஸ்டர் மேக்னம், 7 மிமீ ரெமிங்டன் மேக்னம் என்ற இரண்டு ரைஃபிள் தோட்டாக்களின் பித்தளை உறையின் அடியிலும் ஒரு பெல்ட், அதாவது தடித்த வளையம், உண்டு. இது 1912-இல் வந்த .375 எச் அண்ட் எச் தோட்டா விட்டுச்சென்ற சொத்து. அந்தத் தோட்டாவின் தோள் (உறையின் உடல் குறுகிக் கழுத்தாகும் இடம்) மிகவும் சரிவு. தோளை நம்பி அதைச் சேம்பருக்குள் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் குழி) நிறுத்த முடியாது என்று பெல்ட் வைத்தார்கள். 1960-களில் வந்த இந்த இரண்டுக்கும் நல்ல தோள் இருக்கிறது, ஆனாலும் பெல்ட் தொடர்ந்தது. எல்க் மான் வேட்டைக்கும் தொலைதூர இலக்குக்கும் உறையைத் திரும்பத் திரும்ப நிரப்பும் அமெரிக்கர்களுக்கு உறை சீக்கிரம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வெடிமருந்து இல்லை, டையை (உறையை மறுபடி அளவுக்கு அமுக்கும் அச்சு) வைக்கும் விதம்தான்.

தோட்டாவைப் பெல்ட் நிறுத்துவதால் சேம்பரின் தோள் பகுதியைத் தாராளமாகவே குடைந்திருப்பார்கள். முதல் வெடிப்பில் புது உறையின் தோள் முன்னால் ஓடி அந்த இடத்தை நிரப்பும். அதை, முழு நீளத்தையும் அமுக்கும் சாதாரண ஃபுல் லெங்த் டையில் பழைய அளவுக்கே அமுக்கினால் அடுத்த வெடிப்பில் மறுபடி ஓடும். ஒவ்வொரு முறையும் இழுபடுவது பெல்ட்டுக்குச் சற்று மேலே உள்ள சுவர். நாலைந்து முறையில் உறை அங்கே இரண்டாகப் பிரியலாம்.

வாங்கும்போது ஒரே தயாரிப்பு, ஒரே லாட் (ஒரே தடவையில் செய்த தொகுதி) என்று எடுங்கள். லாபுவா, நார்மா, பீட்டர்சன் நிறுவனங்களின் உறை விலை கூடுதல்தான், ஆனால் கழுத்துச் சுவர் சீராக இருக்கும். விலை குறைந்ததை எடுத்தால் எடைபோட்டுப் பிரிக்கும் வேலை கூடும். கலக்க மட்டும் வேண்டாம்: கனமான பித்தளையில் உள்ளிடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் ஏறும். .300-இன் அழுத்தத்துக்கு உச்ச வரம்பே 64,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு). சுடுதளத்தில் பொறுக்கிய உறையையும் விட்டுவிடுங்கள். எந்தச் சேம்பரில், எத்தனை முறை வெடித்தது என்று அது சொல்லாது.

ஏற்கெனவே வெடித்த உறை என்றால் முதல் சோதனை ஒரு பேப்பர் கிளிப். அதை நிமிர்த்தி, நுனியில் 3 மிமீ அளவை செங்கோணமாக மடித்து, அரத்தால் கூராக்குங்கள். கழுத்து வழியாக அடிவரை விட்டு, நுனியைச் சுவரில் அழுத்தியபடி மேலே இழுங்கள். வழவழவென்று வர வேண்டும். பெல்ட்டுக்கு மேலே ஒரு பள்ளத்தில் நுனி சிக்கினால் அந்த உறை முடிந்தது. வாயைக் குறடால் நசுக்கிவிடுங்கள், தவறியும் திரும்பி வரக்கூடாது. வெளியே தெரியும் பளபளப்பான வளையத்தை மட்டும் நம்ப வேண்டாம். டையின் விளிம்பு பட்ட கோடும் அதே இடத்தில்தான் விழும். எது எதுவென்று கம்பிதான் சொல்லும்.

சுத்தம் செய்ய வால்நட் தூள் அல்லது சோளக்கருதுத் தூள் போதும். அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் கூடவே கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் உறைகள் விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் விளங்கியது.

இனி டை. வெடித்த உறையின் தோளை கம்பரேட்டர் (அடியிலிருந்து தோள் வரை அளக்கும் கருவி) வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முதல் வெடிப்பிலேயே தோள் முழுதாக ஓடியிருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று ஆகலாம். டையை ஷெல்ஹோல்டரிலிருந்து (உறையின் அடியைப் பிடிக்கும் பிடி) நன்றாக மேலே தூக்கி வைத்து, சிறிது சிறிதாக இறக்குங்கள். டையின் மரை அங்குலத்துக்கு 14, அதாவது ஒரு முழுச் சுற்று 0.071 அங்குலம். அதனால் கடைசியில் பதினாறில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். தோள் 0.002 அங்குலம் மட்டும் பின்னால் போனதும் டையை அங்கேயே பூட்டுங்கள். அப்போது தோட்டாவை நிறுத்துவது தோள், பெல்ட் சும்மா இருக்கும். உறைக்குப் பூசும் மசகு (லூப்) குறைந்தால் உறை டையில் மாட்டும். அதிகமானால் தோளில் குழி விழும்.

நீளம் அடுத்து. .300-க்கு உச்சம் 2.620 அங்குலம், 2.610-க்கு வெட்டுங்கள், 7 மிமீக்கு 2.500, வெட்டுவது 2.490. கழுத்து நீண்டால் சேம்பரின் முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். வெட்டியபின் வாயின் பிசிறை உள்ளும் புறமும் எடுங்கள்.

மூன்று நான்கு வெடிப்புக்கு ஒருமுறை கழுத்தையும் தோளையும் அனீல் செய்தால் (சூடுகாட்டி இளக்கினால்) கழுத்து வெடிப்பது குறையும். கழுத்தில் 750 டிகிரி ஃபாரன்ஹீட் டெம்பிலாக் (அந்தச் சூட்டில் உருகும் பூச்சு) பூசி, அது உருகியதும் சுடரை விட்டு எடுங்கள். அடிப்பகுதிக்கு சூடு போகவே கூடாது. அது இளகினால் அழுத்தத்தைத் தாங்காது, வாயு பின்னால் உங்கள் முகத்துக்கு வரும்.

பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்) அழுத்தும்போது கைக்கு எதிர்ப்பே தெரியாவிட்டால் அந்தக் குழி தளர்ந்துவிட்டது, உறையைக் கழியுங்கள். நல்ல குழியில் பிரைமர் அடிமட்டத்துக்குக் கீழே 0.003 முதல் 0.005 அங்குலம் இறங்கி உட்காரும்.

பெட்டியின் மேல் லாட், எத்தனை வெடிப்பு, கடைசி அனீல் எப்போது என்று எழுதி வையுங்கள். ஒரு லாட்டில் ஒரே ஒரு உறை பிரிந்தாலும், மீதி எல்லாவற்றிலும் கம்பியை விட்டுப் பார்க்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள்.