பிலிப்பைன்ஸ் புரட்சியின் நினைவிடங்களை எந்த ஒழுங்கில் பார்ப்பது?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து பிலிப்பைன்ஸ் செல்லும் ஆசிரியர்களும் விவசாய உத்தியோகத்தர்களும் ஓய்வு நாட்களில், 1896இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக வெடித்த அந்நாட்டுப் புரட்சியின் நினைவிடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அவற்றை அருகில் இருப்பது முதலில் என்ற கணக்கில் பார்க்காமல், நிகழ்வுகள் நடந்த ஒழுங்கில் பார்த்தால்தான் புரட்சியின் உட்பிளவும் கண்ணுக்குப் புலப்படும்.

புறப்படுவதற்கு முன் ஒரு பின்னேரம் புளியந்தீவுக் கோட்டையைச் சுற்றி நடந்து பாருங்கள். போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய அந்த மதிலின் தடிப்பை அறிந்தவருக்கு, மனிலாவில் ஸ்பானியர் எழுப்பிய சந்தியாகோ கோட்டை எதற்காக அப்படி ஆற்றுமுகத்தில் நிற்கிறது என்று எவரும் விளக்கத் தேவையில்லை.

மனிலாவில் முதலில் சான் ஹுவான் பகுதியிலுள்ள கத்திப்புனான் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். 1892 யூலை 7இல் தொண்டோவில் அந்திரேஸ் பொனிபாசியோவும் தோழர்களும் தொடங்கிய இரகசியச் சங்கமே கத்திப்புனான். அதன் போராளிகள் 1896 ஓகஸ்ட் 30இல் இங்கிருந்த வெடிமருந்துக் கிடங்கைக் கைப்பற்ற முயன்று தோற்றார்கள். அன்றே ஸ்பானிய ஆளுநர் எட்டு மாகாணங்களில் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார்; அந்நாட்டுக் கொடியின் சூரியனிலுள்ள எட்டுக் கதிர்கள் அந்த எட்டையே குறிக்கின்றன.

அடுத்தது சந்தியாகோ கோட்டை. ஸ்பானிய ஆட்சியைத் தன் நாவல்களில் சாடிய எழுத்தாளர் ஹொசே ரிசால், ஆயுதப் புரட்சியை வழிநடத்தியவர் அல்லர். ஆயினும் ஸ்பானியர் அவரையே இங்கு அடைத்துவைத்து, 1896 டிசெம்பர் 30இல் சுட்டுக் கொன்றனர். சிறையறையிலிருந்து அவர் நடந்த வழியில் உலோகப் பாதச்சுவடுகள் தரையில் பதிக்கப்பட்டுள்ளன. வெயில் ஏறுமுன் அவற்றைத் தொடர்ந்து வெளியேறி, அவர் சுடப்பட்ட இடமான ரிசால் பூங்கா வரை நடந்தே செல்லுங்கள். பூங்காவின் நினைவுத்தூண் திறக்கப்பட்டது 1913இல், அதாவது ஸ்பானியருக்குப் பின் அமெரிக்கர் ஆண்ட காலத்தில். ஒரு நினைவுச்சின்னத்தின் முன் நிற்கும்போது, அதை எழுப்ப அனுமதித்த அதிகாரம் எது என்று கேட்டுப் பார்க்க வேண்டியது இங்கேதான்.

கவித்தே மாகாணத்துக்கு முழு நாளையும் ஒதுக்குங்கள். பலர் கவித் நகரிலுள்ள, புரட்சித் தளபதி அகினால்டோவின் இல்லத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அதற்கு முன் மரகொண்டோன் வரை செல்லுங்கள். 1897 மார்ச் 22இல் புரட்சியாளர் கூடிய தெஹெரோஸ் மாநாட்டில் எமிலியோ அகினால்டோ தலைவராகத் தெரிவானபின், அந்த முடிவை ஏற்க மறுத்த பொனிபாசியோ மீது புரட்சியாளரின் சொந்த நீதிமன்றமே வழக்கு நடத்திய வீடு மரகொண்டோனில் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. மே 10இல் அவரும் அவருடைய சகோதரர் ஒருவரும் கொல்லப்பட்டார்கள். நினைவுகூரப்படுபவர் யார், விடப்படுபவர் யார் என்ற கேள்வி மட்டக்களப்பில் வளர்ந்தவருக்குப் புதிதன்று. ஆகவே அந்த வீட்டில் அவசரப்படாமல் நில்லுங்கள்.

அதன்பின் அகினால்டோ இல்லத்துக்கு வந்தால், 1898 யூன் 12இல் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்ட இடத்தைப் பார்க்கலாம். படங்களில் காணும் அலங்கார மாடம் அன்று இல்லை. அது பின்னர் கட்டப்பட்டது, பிரகடனம் வாசிக்கப்பட்டதோ ஒரு சன்னலருகில்தான். வீட்டின் பின்புறத்தில் அகினால்டோவின் கல்லறை இருக்கிறது.

மறுநாள் இலகு ரயிலில் மொனுமெந்தோ நிலையத்தில் இறங்கி, கியெர்மோ தொலெந்தினோ செதுக்கி 1933இல் திறக்கப்பட்ட பொனிபாசியோ நினைவுச்சின்னத்தைச் சுற்றி வாருங்கள். கையில் ஆயுதமிருந்தும் பொனிபாசியோவின் முகம் அமைதியாக இருக்கிறது. சீற்றமும் வேதனையும் அவரைச் சூழ்ந்த உருவங்களில் உள்ளன. முதல் நாள் மரகொண்டோனைப் பார்த்தவருக்கு அந்த அமைதி வேறுவிதமாகத் தெரியும். நேரமிருந்தால் மாலோலோஸ் நகரின் பாரசொயின் தேவாலயத்துக்கும் செல்லலாம்; முதற் குடியரசின் சட்டசபை 1898 செப்டெம்பரில் அங்கேதான் கூடியது.

தேசிய வரலாற்று ஆணைக்குழு நடத்தும் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமைகளில் அவை மூடப்பட்டிருக்கும். வாசல்களிலுள்ள வார்ப்பிரும்புப் பலகைகள் பல பிலிப்பினோ மொழியில் இருப்பதால், மொழிபெயர்ப்புச் செயலியைத் தொலைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லொஸ் பான்யொஸ் நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பயிற்சிக்குச் செல்பவர்களுக்கு அயல் நகரான கலம்பாவில் ரிசால் பிறந்த இல்லம் உண்டு. அது பழைய வீடு அன்று. பாடசாலைப் பிள்ளைகள் கொடுத்த காசும் சேர்ந்து 1950இல் மீளக் கட்டப்பட்டது. அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.