தானியங்கித் திட்டமிடலில் குழுச் செயல்திட்டம்: மாதிரியை எழுதுவதும் சோதிப்பதும்

தொடக்க நிலையிலிருந்து இலக்கை அடையும் செயல் வரிசையைக் கணினியே கண்டுபிடிப்பது தானியங்கித் திட்டமிடல்; அதைக் கண்டுபிடிக்கும் நிரல் பிளானர். இத்துறையில் செயல்திட்டம் செய்ய முன்வரும் மாணவர் குழுக்கள், பிளானர் ஒன்றைத் தாமே நிரலாக எழுத வேண்டும் என்றே பெரும்பாலும் நினைக்கின்றன. அது நல்ல பயிற்சிதான். ஆனால் ஃபாஸ்ட் டவுன்வர்டு போன்ற தரமான பிளானர்கள் இலவசமாகக் கிடைக்கும் நிலையில், ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய குழு தன் உழைப்பில் பெரும்பகுதியை உலகை விவரிக்கும் மாதிரிக்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு செயலை எப்போது செய்யலாம், செய்தபின் எது மாறும், எது மாறாது என்று பிசகில்லாமல் எழுதுவதே இத்துறையின் உயிர்நாடி.

ஷேக்கி என்ற ரோபோவுக்காக ரிச்சர்ட் ஃபைக்ஸும் நில்ஸ் நில்சனும் 1971-இல் வெளியிட்ட ஸ்ட்ரிப்ஸ் முறை, முன்நிபந்தனை (செயலுக்கு முன் மெய்யாக இருக்க வேண்டியது), சேர்க்கும் விளைவு (செயலால் மெய்யாவது), நீக்கும் விளைவு (செயலால் பொய்யாவது) ஆகிய மூன்றைக் கொண்டு செயலை விவரித்தது. சொல்லப்படாத எதுவும் மாறாது என்பது அதன் அடிப்படை விதி. ட்ரூ மெக்டெர்மட் தலைமையிலான குழு 1998-ஆம் ஆண்டுப் பிளானர் போட்டிக்காக உருவாக்கிய, திட்டமிடல் சிக்கல்களை விவரிக்கும் பி.டி.டி.எல். (PDDL) மொழியும் இதே வழியில் வந்தது. உங்கள் மாதிரியை அந்த மொழியிலேயே எழுதுங்கள்.

முதல் மாதிரி சிறியதாக இருக்கட்டும். இரண்டு கிடங்குகள், ஒரு லாரி, ஒரு பெட்டி போதும். கணினியைத் தொடுமுன் குழுவினர் அனைவரும் சேர்ந்து அமர்ந்து ஒவ்வொரு செயலையும் தாளில் எழுத வேண்டும். ‘ஏற்று’ என்ற செயலுக்குப் பெட்டியும் லாரியும் ஒரே கிடங்கில் இருப்பது முன்நிபந்தனை. பெட்டி லாரிக்குள் இருக்கிறது என்பது சேர்க்கும் விளைவு. பெட்டி அந்தக் கிடங்கில் இருக்கிறது என்பது நீக்கும் விளைவு. பெட்டி லாரிக்குள் இருக்கும் வரை அதற்குத் தனியாக இடம் எதையும் குறிக்காமல் விட்டுவிட்டால், லாரி நகரும்போது அதிலுள்ள பெட்டிகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை.

மேலே சொன்ன நீக்கும் விளைவைத்தான் மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மறந்தாலும் பிளானர் எந்தப் பிழைச் செய்தியும் தராது. ஏற்று, ஓட்டு, இறக்கு என்று சரியாகத் தோன்றும் திட்டத்தையே கொடுக்கும். இதனால்தான் விடையே இல்லாத கணக்குகளையும் பிளானரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே பெட்டி முடிவில் இரண்டு கிடங்குகளிலும் இருக்க வேண்டும் என்று இலக்கு வையுங்கள்: சரியான மாதிரியில் இதற்குத் திட்டம் கிடையாது, நீக்கும் விளைவு விடுபட்டிருந்தாலோ, பிளானர் தயங்காமல் மூன்றே அடிகளில் திட்டத்தைத் தந்துவிடும்.

நால்வர் கொண்ட குழுவில் இருவர் மாதிரியை எழுதட்டும். மற்ற இருவர் அந்தக் கோப்பைப் பார்க்காமல், தாளில் ஒப்புக்கொண்ட விதிகளை மட்டும் வைத்துச் சோதனைக் கணக்குகளைத் தயாரிக்கட்டும். எழுதியவரே சோதித்தால் மறந்ததையே மீண்டும் மறப்பார். வி.ஏ.எல். (VAL) என்ற திட்டச் சரிபார்ப்புக் கருவியையும் பயன்படுத்துங்கள்; ஆனால் அது திட்டத்தை உங்கள் மாதிரியோடு மட்டுமே ஒப்பிடுகிறது, மாதிரி உலகோடு பொருந்துகிறதா என்பதை அது அறியாது.

மாதிரி நிலைபெற்ற பிறகே கிடங்குகளையும் பெட்டிகளையும் படிப்படியாகக் கூட்டி அளவீடுகளுக்குப் போக வேண்டும். ஸ்ட்ரிப்ஸ் வகைத் திட்டமிடலின் பொதுச் சிக்கல் பிஸ்பேஸ்-முழுமையானது (PSPACE-complete), அதாவது கணிப்பில் மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது என்று டாம் பைலாண்டர் 1994-இல் நிறுவியிருக்கிறார். ஆகவே ஓர் அளவுக்கு மேல் பிளானர் திணறுவதைக் குறையாகக் கருதாமல், எந்த அளவில் திணறத் தொடங்குகிறது என்பதையே முடிவாகப் பதிவு செய்யுங்கள். இலக்குக்கு இன்னும் எவ்வளவு செலவாகும் என்று கணிக்கும் எல்எம்-கட் (LM-cut) மதிப்பீட்டோடு ஓடும் ஏ-ஸ்டார் (A*) தேடல், முடியும்போது மிகக் குறைந்த செலவுள்ள திட்டத்தையே தரும். லாமா (LAMA) என்ற பிளானரின் முதல் சுற்று பெரும்பாலும் விரைவில் முடிந்தாலும் அந்த உறுதியைத் தராது. இரண்டையும் ஒரே கணினியில், ஒரே நேர வரம்பிலும் நினைவக வரம்பிலும் ஓட்டி, தீராமல் போனவற்றையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

தர்க்கத்தில் நாட்டமுள்ள குழுக்கள், போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான கிளிங்கோ (clingo) என்ற தர்க்க நிரல் கருவியில், ‘யேல் துப்பாக்கிச் சூடு’ என்ற புகழ்பெற்ற தர்க்கச் சிக்கலை எழுதிப் பார்க்கலாம். குண்டை நிரப்பு, காத்திரு, சுடு என்ற மூன்றே செயல்கள்தான். இருந்தும், சொல்லப்படாதது மாறாது என்ற மாறாமை விதியைக் கவனமின்றி எழுதினால், காத்திருக்கும் நேரத்தில் துப்பாக்கி தானாகவே காலியாகிவிடும் ஒரு விபரீத விடையும் கூடவே வந்து நிற்கும். அது ஏன் வந்தது என்று விளக்குவதே ஒரு முழுச் செயல்திட்டத்துக்குப் போதுமான வேலை.

அறிக்கையில் எரிபொருள், லாரியின் கொள்ளளவு, நேரம் என மாதிரியில் சேர்க்காமல் விட்டவற்றையும் அவற்றை விட்டதன் காரணத்தையும் தனிப் பகுதியாக எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் குழுவின் எந்த உறுப்பினரைக் கேட்டாலும், ஒரு திட்டத்தின் ஒவ்வோர் அடியிலும் எவை மெய், எவை பொய் என்று பலகையில் எழுதிக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.